கட்டிய கயிறும் கவிழ்ந்த கலமும்



ஆங்கிலம் தமிழிடமிருந்து பெற்ற சொற்களுள் 'கட்டுமரம்' ஒன்று. 1697ஆம் ஆண்டில் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல், சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்து ஓட்டிய கலத்தை அப்பெயராலேயே குறிக்கின்றது. பிற்காலத்தில், இரண்டு உடல்களை அருகருகே நிறுத்திக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்க்கலத்துக்கும் மேனாட்டார் அப்பெயரையே சூட்டினர். பெயர் நம்முடையது, பொருள் வேறு. இவ்விரட்டைக் கலம் விரைவிற் சிறந்தது. ஆயினும் கடலிற் கவிழ்ந்தால் தானாக நிமிராது.

இதன் காரணம் எளிது. ஓருடற் பாய்க்கப்பலின் அடியில் ஈயமோ இரும்போ பாரமாக அமைந்திருக்கும். காற்று அதனைச் சாய்க்கச் சாய்க்க, அப்பாரம் மீண்டும் நிமிர்த்த முயலும். இரட்டைக் கலமோ தன் அகலத்தையே நம்பி நிற்கின்றது. 2,000 கிலோகிராம் எடையுள்ள கலத்தின் இரு உடல்களும் 4 மீற்றர் இடைவெளியில் இருப்பின், அதன் எடை 2 மீற்றர் நீளமான நெம்புகோலின் முனையில் நின்று காற்றை எதிர்க்கும். காற்றுப் பக்கத்து உடல் நீரை விட்டு எழும்பும் கணத்தில் அவ்வெதிர்ப்பு உச்சத்தை அடைகின்றது. அதன்பின் சாய்வு கூடக்கூட எதிர்ப்புக் குறையும். காற்றின் வலிமையோ அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 15 கடல்மைலாக வீசிய காற்று 21 ஆக உயர்ந்தால், பாயின் மீதுள்ள அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவ்வேளையில் மாலுமிக்குக் கிடைப்பன சில வினாடிகளே.

அந்தச் சில வினாடிகளில் அவன் செய்யத்தக்கது யாது? பாயின் மூலைக்கயிற்றை விட்டுவிடுதலே. கயிறு தளர்ந்தால் பாய் காற்றின் போக்கில் அசைந்து வலுவிழக்கும். எழும்பிய உடல் மீண்டும் நீரில் அமரும். ஆகவே சிறுகலங்களில் அக்கயிற்றைக் கட்டிவைக்காது கையிற் பிடித்திருத்தலே பழைய விதி.

ஈழத்துக் கடலோடிகளும் இவ்வாபத்தை அறிந்திருந்தனர். சிங்கள மீனவரின் 'ஒருவ' என்னும் வள்ளம் ஒரு பக்கத்தில் மட்டும் மிதவை உடையது. அம்மிதவையை எப்போதும் காற்றுப் பக்கத்திலேயே வைப்பர். காற்று வலுத்தால் ஆட்கள் மிதவைச் சட்டத்தின்மேல் ஏறிச் சென்று சமன் செய்வர். ஒருவர் ஏறவேண்டியது ஓராட் காற்று. இருவர் ஏறவேண்டியது ஈராட் காற்று. காற்றை ஆட்கணக்கால் அளந்த இம்முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் வியந்து எழுதினர்.

மேனாட்டில் சேர் வில்லியம் பெற்றி 1662இல் டப்ளினில் இரட்டைக் கலம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அவருடைய பெரிய கலமான 'எக்ஸ்பெரிமென்ற்' 1665இல் புயலிற் சிக்கி ஆட்களுடன் மறைந்தது. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷோப் 'அமரிலிஸ்' என்னும் கலத்தால் நியூயோர்க் பந்தயத்தில் ஏனையவற்றை எளிதாக முந்தினார். தோற்றவர் முறையிடவே, அக்கலம் விலக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இவ்வகைக் கலங்கள் பெருகின.

கலம் பெரிதானதும் கயிற்றின் இழுவை மனிதக் கையின் வலிமையை மீறியது. உருளையிற் சுற்றிப் பல்லுள்ள பிடியில் பூட்டவேண்டியதாயிற்று. பூட்டிய கயிற்றைக் கணத்தில் விடுவிப்பதெப்படி என்ற வினா அப்போதுதான் எழுந்தது. ஒரே இழுப்பில் திறக்கும் பிடிகள் முதலில் வந்தன. 1960களில், கலம் குறித்த அளவு சாய்ந்தால் தாமே கயிற்றை விடும் கருவிகளும் பயன்பட்டன. இன்று பிரான்சின் பெரும் மூவுடற் கலங்களிற் சாய்வையும் கயிற்றின் இழுவையையும் மின்னணுக் கருவிகள் இடையறாது அளந்து, எல்லை மீறின் பாய்க்கயிற்றை விடுவிக்கின்றன.

எனினும் கருவிக்கும் எல்லையுண்டு. சிற்றசைவுக்கே விடுமாறு அமைத்தால் ஓட்டம் கெடும். தாமதமாக விடுமாறு அமைத்தாற் பயனில்லை. விடப்பட்ட கயிறு தளத்திற் சிக்கினால் எல்லாம் வீண். காற்று பின்னிருந்து வீசும்போது கயிற்றை விட்டாலும் பாய் பக்கக் கயிறுகளில் அழுந்தி நிற்கும். முகப்பு நீரிற் புதைந்து கலம் தலைகீழாகலாம். பேரலை கவிழ்ப்பதையும் கயிறு தடுக்காது. 1989 ஜூன் மாதத்தில் நியூசிலாந்துக்கு அப்பால் 'ரோஸ் நோயெல்' என்னும் மூவுடற் கலம் அவ்வாறே அலையாற் கவிழ்ந்தது. அடிப்பாரம் இல்லாத கலமாதலால் அது மூழ்கவில்லை. அதில் இருந்த நால்வரும் தலைகீழான கலத்தோடு 119 நாட்கள் மிதந்து, உயிருடன் கரைசேர்ந்தனர்.

ஆகவே அனுபவமுடையோர் கருவியை இறுதிக் காவலாகவே கொள்வர். முதற் காவல், காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்குதல். அதற்கு வேண்டியது விலையுயர்ந்த பொறியன்று. வானத்தையும் நீரையும் ஓயாது நோக்கும் கண்களே. ஓராட் காற்று ஈராட் காற்றாக மாறுவதை முன்கூட்டியே உணர்ந்த நம் நாட்டு மீனவரிடம் அக்கண்கள் இருந்தன.