பழைய கணினிகளிலிருந்து தமிழ்த் தரவு மீட்பு

பழைய கணினிகளிலிருந்து தரவு மீட்பு என்பது, இயங்க மறுக்கும் கணினியின் வன்தட்டிலும் நெகிழ்வட்டுகளிலும் தங்கிவிட்ட கோப்புகளைப் படியெடுத்து, இன்று படிக்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவரும் பணியாகும். தமிழ்க் கோப்புகளுக்கு இப்பணி இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலாவது, கோப்பைச் சாதனத்திலிருந்து வெளியே எடுத்தல். இரண்டாவது, அது எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது எனக் கண்டறிந்து ஒருங்குறிக்கு மாற்றுதல்.

வரலாற்று முன்மாதிரி

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தில் உள்ள வாலீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஆயினும் கல்லும் என்றும் நிலைப்பதன்று. சுவரைப் பிரித்தால் எழுத்தும் போய்விடும். அரியலூர் மாவட்டம் திருமழபாடியில் இத்தகைய நிலை ஏற்பட்டது. அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1013 அளவில்) ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவர்க் கல்வெட்டுகள் சுவடியில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1026 அளவில்) அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. மூலத்தைத் தொடும் முன் படி எடுக்க வேண்டும் என்பதே இன்றைய தரவு மீட்பின் முதல் விதியும் ஆகும்.

கணினி இயங்காமைக்கான காரணங்கள்

கணினி இயங்கவில்லை என்றால் தரவு அழிந்துவிட்டது என்று பொருளில்லை. மின்சாரம் வந்ததும் கணினி முதலில் பயாஸ் நிரலை இயக்கித் தன் உறுப்புகளைச் சோதிக்கும். பின்னர் வட்டின் முதல் பகுதியிலுள்ள 512 பைட்டுகளைப் படித்து இயக்கமுறைமையைத் தொடங்கும். இவற்றில் எந்தப் படி தடைப்பட்டாலும் கணினி நின்றுவிடும்.

1984இல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில், வன்தட்டின் அமைப்பு பற்றிய விவரம் பேட்டரியால் காக்கப்படும் சிறு நினைவகத்தில் வைக்கப்பட்டது. பின்வந்த கணினிகளும் இம்முறையைப் பின்பற்றின. பேட்டரி தீர்ந்தால் தன்னிடம் வன்தட்டு இருப்பதையே அக்காலக் கணினி மறந்துவிடும். பேட்டரியை மாற்றி, விவரங்களை மீண்டும் பதிந்தாலே சில கணினிகள் உயிர்பெறும். ஆனால் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் கசிந்து தாய்ப்பலகையை அரித்துவிடுவதும் உண்டு.

மீட்கும் முறை

பழுதான கணினியைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது, தேய்ந்த வன்தட்டை மேலும் கெடுக்கும். எனவே வன்தட்டைக் கழற்றி, தகுந்த இணைப்பி வழியாக வேறு கணினியுடன் இணைப்பர். 1990களில் பரவிய ஐடிஇ வன்தட்டுகளுக்கு யுஎஸ்பி இணைப்பிகள் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பல வன்தட்டுகளுக்கு அக்காலக் கட்டுப்பாட்டு அட்டையே தேவைப்படும். தவறுதலாக எதுவும் எழுதப்படாதிருக்க எழுதல் தடுப்பி பொருத்தப்படும். அதன்பின் முழு வட்டும் ஒரே படிமமாக எடுக்கப்படும். இதற்குக் குனூ டிடிரெஸ்க்யூ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உதவுகின்றன. இம்மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் படியெடுத்து, பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பும். தேடலும் திருத்தமும் படிமத்தில் மட்டுமே நடைபெறும்.

எழுத்துருச் சிக்கல்

கோப்பு கிடைத்த பின்னும் தமிழ் கிடைக்காமல் போகலாம். ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் அது பரவலான பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை மயிலை, பாமினி எனப் பல எழுத்துருக்கள் தத்தம் குறியீட்டு முறையில் வழங்கின. பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். கோப்பில் பழுது ஏதும் இல்லை. அதைப் படிக்கும் திறவுகோல் மட்டுமே இல்லை.

இந்நிலையைச் சீர்செய்ய டிஸ்கி என்னும் குறியீடு உருவானது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகளைத் தமிழக அரசு அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இம்மாற்றங்களினூடே தன் இலக்கிய மின்னூல்களைப் புதிய குறியீடுகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தது. அதனால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மாற்றப்படாத பழைய கோப்புகளை, உரிய எழுத்துருவை அறிந்தால், குறியீட்டு மாற்றிகளின் உதவியோடு ஒருங்குறியாக்கலாம்.

உலக அனுபவம்

இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நூலை இன்றும் படிக்க முடிகிறது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பிபிசி உருவாக்கிய டூம்ஸ்டே திட்டத்தின் தரவுகள் லேசர் வட்டுகளில் பதியப்பட்டன. பதினைந்தே ஆண்டுகளில் அவற்றைப் படிக்கும் கருவிகள் அரிதாயின. 2002இல் லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போல் இயங்கும் மென்பொருளை உருவாக்கி அவற்றைத் திறந்து காட்டினர்.

முக்கியத்துவம்

1990களில் நூல்களும் சிற்றிதழ்களும் ஊர் வரலாறுகளும் கணினியில் அச்சுக்கோக்கப்பட்டன. அச்சுக்குப் போகாதவற்றுக்கு அந்த வட்டே ஒரே மூலமாக இருக்கக்கூடும். ஆகவே வீட்டிலோ பள்ளியிலோ கிடக்கும் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன், வன்தட்டைக் கழற்றிப் பாதுகாப்பது நல்லது. அதில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும்.