பிறந்தநாளும் நூலகமும் - ஒரு கதைநேரத்தின் வரலாறு

பிறந்தநாள் என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது கேக்கும் மெழுகுவர்த்தியும்தான். பள்ளியில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு முழுவதும் மிட்டாய் கொடுக்கும் பிள்ளையைப் பார்த்திருப்போம். அதே வகுப்பில் தன் பிறந்தநாளை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடும் பிள்ளையும் உண்டு. வீட்டில் மிட்டாய் வாங்கப் பணம் இருக்காது. இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பிறந்தநாள் கொண்டாட ஓர் இடம் இருக்கிறதா? இருக்கிறது, நூலகம்!

முதலில் பிறந்தநாளின் கதையைப் பார்ப்போம். நம் ஊரில் பழைய வழக்கப்படி பிறந்தநாளுக்குத் தேதி கிடையாது, மாதமும் நட்சத்திரமும்தான். ராஜராஜ சோழனுக்கு ஐப்பசி சதயம். தஞ்சையில் இன்றும் ஆண்டுதோறும் சதய விழா நடக்கிறது. ஆனால் அது அரசனுக்கு. சாதாரண மக்களில் பலருக்குத் தாம் பிறந்த தேதியே தெரியாது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது வாத்தியார் பதிவேட்டில் எழுதிய தேதியே பிறந்ததேதி ஆகிவிட்டது. நம் தாத்தா பாட்டிகளில் பலருக்குச் சான்றிதழில் ஒரு பிறந்தநாள், வீட்டில் ஒரு பிறந்தநாள்.

இதற்குப் பெரிய மனிதர்களும் விலக்கல்ல. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த ஆண்டு 1892. ஆனால் தேதி ஆகஸ்ட் 9 என்றும் ஆகஸ்ட் 12 என்றும் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது! ஆகஸ்ட் 12-ஐத்தான் நாடு முழுவதும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கணித ஆசிரியராக இருந்த இவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகம் கிளம்பியது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

நூலகத்துக்கும் பிறந்தநாளுக்கும் உள்ள உறவு இதோடு முடியவில்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள். தேசிய நூலக வாரம் தொடங்குவது நவம்பர் 14, நேரு பிறந்தநாள். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, நவம்பர் 7, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பிறந்தநாள். 1967 முதல் உலகக் குழந்தைகள் புத்தக தினம் கொண்டாடப்படும் ஏப்ரல் 2, டென்மார்க் நாட்டுக் கதாசிரியர் ஆண்டர்சனின் பிறந்தநாள். ஆக, நூலகங்கள் பெரியவர்களின் பிறந்தநாளை மறப்பதே இல்லை. அங்கே வரும் குழந்தையின் பிறந்தநாளைத்தான் யாரும் கேட்பதில்லை.

நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. பிட்ஸ்பர்க், நியூயார்க் நகர நூலகங்கள் இதில் முன்னோடிகள். நியூயார்க்கில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் கதை சொல்வார்கள். கதை முடிந்ததும் குழந்தைகள் மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள, மெழுகுவர்த்தியை அணைப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு பிறந்தநாள் விழா மாதிரிதான்! நம் வீடுகளிலோ விளக்கை வாயால் ஊதி அணைத்தால் பாட்டி திட்டுவாள். அதனால் நம் கதைநேரத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

கதை சொல்வது தென்பாண்டிச் சீமைக்குப் புதிதும் அல்ல. கோயில் கொடைகளில் உடுக்கையும் குடமும் வில்லும் முழங்க, இரவெல்லாம் வில்லுப்பாட்டு நடக்கும். நாயகன் பிறந்ததிலிருந்து தெய்வமானது வரை சொல்லுவார்கள். "ஆமா" போட ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அந்த "ஆமா"வைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டால் போதும், யாரும் தூங்க மாட்டார்கள்.

எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன, தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி போன்ற ஊரில் இதை எப்படி நடத்தலாம்? கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை திறந்திருக்கும், பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லை. அந்த மாதத்தில் பிறந்த எல்லாருக்கும் சேர்த்து ஒரே விழா. தேதி தெரியாத பிள்ளை தனக்குப் பிடித்த மாதத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஐந்து வயதுப் பிள்ளைகள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். எனவே இரண்டு சின்னக் கதை, நடுவில் ஒரு பாட்டு. ஒரு கதையில் யாருக்காவது பிறந்தநாள் வரட்டும், யானைக்குட்டிக்கோ எலிக்குட்டிக்கோ! கேக்குக்குப் பதில் காகிதத் தொப்பி. பரிசுப் பொருளும் வேண்டாம். பிறந்தநாள் பிள்ளை அலமாரியில் இருந்து தானே ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்து, உறுப்பினர் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். வாசகர் வட்டத்தில் உள்ள ஒரு தாத்தாவோ பாட்டியோ கதை சொல்ல வந்தால் இன்னும் சிறப்பு.

இதற்குப் பணம்? தமிழ்நாட்டில் சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வசூலிக்கப்படுகிறது. 1,000 ரூபாய் வரி கட்டும் வீடு 100 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அந்தக் காசு கொஞ்சம் கலந்துதான் இருக்கிறது. ஆகவே மிட்டாய் கொடுக்க முடியாமல் வகுப்பில் மௌனமாக இருந்த அந்தப் பிள்ளை நூலகத்துக்கு விருந்தாளி அல்ல, பங்குதாரர்.

ஆம் நண்பர்களே, தலைவர்களின் பிறந்தநாளில் திறந்த கதவு, ஒரு சின்னப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் திறக்கட்டும்!