சேயாற்றின் பின்னால் கடலுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குழுவில் ஒரு மாணவி, இப்போது பேரன் எடுத்தவள், ஒரே வரி எழுதியிருந்தாள். "சார், இப்பவாவது கடலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" அதற்குக் கீழே இருபது பேர் சிரித்தும் கைதட்டியும் படம் போட்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் காரணத்தைச் சொல்கிறேன்.

1988இல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். பூகோளப் பாடத்தில் சேயாற்றைக் கரும்பலகையில் வரைந்தேன். நம்ம ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், செய்யாறு ஊர்களைத் தொட்டு, பாலாற்றோடு சேர்ந்து, கடைசியில் வங்காள விரிகுடா. வண்ணச் சுண்ணாம்புக் கட்டியில் கடலுக்கு நீலம் அடித்தேன். இந்தப் பெண் எழுந்து, "நம்ம தண்ணி அங்க போய்ச் சேர்ற இடத்தை நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். பார்த்ததில்லை. போளூர்க்காரனான நானே அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கடலைப் பார்த்திருந்தேன், அதுவும் சென்னை மெரினாவில்.

அந்த வெட்கத்தில்தான் மாமல்லபுரம் சுற்றுலா என்று அறிவித்தேன். தலைக்கு 12 ரூபாய், 31 பிள்ளைகள். புளி விற்ற காசு, சாமை விற்ற காசு, தேன் விற்ற காசு என்று சில்லறையாக வந்து சேர்ந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, அனுமதி இல்லை என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். காகிதம்கூட வரவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். முப்பது பேர் வாங்கிக்கொண்டார்கள். இவள் மட்டும், "நீங்களே வச்சிருங்க சார், அடுத்த வருஷம் போலாம்" என்றாள். அடுத்த வருஷம் எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

அதனால் இப்போது திட்டம் போட்டாகிவிட்டது. இரண்டு நாள், ஒரு டெம்போ டிராவலர், பதினான்கு பேர். போகிற வழியின் வரலாற்றை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். வண்டியில் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள்.

வழி சொல்வது நம் மொழியில் பழைய கலை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. பரிசு பெற்றவன் எதிரே வருகிறவனிடம் இந்த வழியாகப் போ, இன்னார் சோறு போடுவார், இந்த இடத்தில் கவனம் என்று சொல்வதுதான் அவற்றின் அமைப்பு. திருமுருகாற்றுப்படை கடவுளிடம் வழிப்படுத்துவது, அது தனி. மற்ற நான்கில் மூன்று நம் பயணத்துக்கே எழுதி வைத்ததுபோல் இருப்பதைப் போன வாரம் நிலவரைபடத்தை விரித்தபோதுதான் கவனித்தேன். இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இது கண்ணில் படவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

முதலாவது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை அனுப்பும் பாட்டு, 583 அடி. நம்ம சேயாறு அதில் பெயரோடு வருகிறது. மலை வழியின் ஆபத்துகளை அவர் சொல்லும் விதம் அச்சு அசலாக நம்மூர்தான்: பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் பட்டுவிடும், பாறை வழுக்கும், இரவில் நடக்காதே. சாமைக் கொல்லையில் பன்றி விரட்டி வளர்ந்த உங்களுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. முதல் நாள் விடிகாலையில் இந்த மலைப்பாதை வழியாகத்தான் போளூருக்கு இறங்குகிறோம். வளைவில் வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை, இது கண்டிப்பு.

போளூர், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம். காஞ்சியில் கோயில் எதற்கும் இறங்கப் போவதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜவ்வாது மலைக்காரர்களின் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்று உங்கள் பாட்டிமார் சொன்ன கதை வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்களிலும் பதிவாகியிருக்கிறது. அது நடந்த வரலாறா, வாய்வழிக் கதையா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அந்த ஊரைக் கடக்கும்போது அவரவர் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் நம்ம சேயாறும் கூடுகிற இடம். பெரும்பாலான மாதங்களில் ஆற்றில் மணல்தான். ஆனால் கரையில் இருக்கும் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்காமல் நகரக்கூடாது. 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலம். அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஒரு மருத்துவமனை. மருத்துவமனையில் 15 படுக்கை. ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து பறிக்கவும் விறகு கொண்டுவரவும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், யார் யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எவை, எல்லாம் கல்லில் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட ஒதுக்கீடு உண்டு.

உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் கேட்டு எத்தனை விண்ணப்பம் எழுதியிருப்பேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மருத்துவமனைக்கு மூலிகை பறிக்கப் போனவர்கள் ஆற்றின் போக்கிலேயே ஏறி நம் மலை வரை வந்திருப்பார்களோ என்று ஒரு நினைப்பு எனக்கு. கல்வெட்டில் அப்படி இல்லை. வெறும் ஆசைதான்.

அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். மதியம் சேர்ந்துவிடலாம். ஐந்து ரதமும் அர்ச்சுனன் தபசும் கடற்கரைக் கோயிலும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான், நான் விளக்கமாட்டேன். கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் எடுப்பித்தது, 1984 முதல் உலக மரபுச் சின்னம், அவ்வளவு போதும். இரண்டு இடம் மட்டும் நான் கூட்டிப் போவேன்.

ஒன்று, மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் இருக்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயில். வெள்ளைக்காரர்கள் தனியாகக் கலங்கரை விளக்கம் கட்டும்வரை இதன் உச்சியில்தான் விளக்கு வைத்தார்கள். நம் இரண்டாவது வழிகாட்டியான பெரும்பாணாற்றுப்படை காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும்போது நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. இரவில் கப்பல்களுக்கு வழிகாட்ட உயரமான மாடத்தில் விளக்கெரியும் காட்சி அதில் வருகிறது. நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரம்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், வேறு சிலர் மறுக்கிறார்கள். எப்படியானாலும் பல்லவருக்கு முன்பே இந்தக் கரையில் விளக்கெரிந்திருக்கிறது.

மற்றது, வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகையோடு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை வாரிக்கொண்டு போன பிறகு வெளியே தெரிந்த கல்வெட்டை வைத்து, 2005இல் தொல்லியல் துறை தோண்டி எடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். கல்லில் செய்த வேல் ஒன்றும் கிடைத்தது. பழைய கோயிலைக் கடல்தான் அழித்திருக்க வேண்டும் என்கிறார்கள். கடல் மூடியதைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது, அதே அலை எத்தனை ஆயிரம் பேரைக் கொண்டுபோனது என்பதை மறந்துவிட்டு அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

இரவு மாமல்லபுரத்தில் தங்கல். இரண்டாம் நாள் காலையில்தான் நமக்கு முக்கியமான வேலை.

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை கல்பாக்கத்தை ஒட்டியது. மெல்லிய துணி இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் எழுத்தும் சிற்பமும். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் மோதினார்கள். யாருக்கும் முழு வெற்றி இல்லை. அரை மணி நேரம் போதும்.

அடுத்தது வயலூர். ராஜசிம்மன் காலத் தூண் ஒன்றில் பல்லவர் வம்ச வரிசை பொறித்திருக்கும் ஊர். அது எனக்கு. உங்களுக்கு, பாலாற்று முகத்துவாரம். சேயாற்று நீரையும் சேர்த்துக்கொண்டு வரும் பாலாறு கடலில் கலப்பது இங்கேதான். இதற்காகத்தான் பயணத்தைத் தை மாதத்துக்கு வைத்தேன். கோடையில் போனால் மணல்திட்டைத்தான் பார்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, "எல்லாம் நம்ம மலைத் தண்ணியும் சேர்ந்ததுதான்" என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். கரையோரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு அதில் என்ன பெருமை என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

தை மாதத்திலும் நீர் கடலைத் தொடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். இடையில் ஏரிகள், குப்பநத்தம் அணை, தடுப்பணைகள், மணல் அள்ளிய பள்ளங்கள் எத்தனை! முகத்துவாரத்தில் நிற்போம். இருப்பதைப் பார்ப்போம்.

பாலம் தாண்டித் தெற்கே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடைக்கழிநாடு என்று பலகை வரும். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்வேன், யாரும் முணுமுணுக்கக்கூடாது. மூன்றாவது வழிகாட்டியான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இந்த நாட்டு நல்லூர். அவர் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்பும் வழியைத்தான் நாம் பின்பற்றப் போகிறோம். எயிற்பட்டினம் முதலில். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும் என்கிறார் புலவர். அடுத்து வேலூர் (நம் பக்கத்து வேலூர் அல்ல, மரக்காணம் அருகே உள்ள உப்புவேலூர் என்பார்கள்), அங்கே புளியிட்ட சோறும் இறைச்சியும். அடுத்து ஆமூர், வெண்சோறும் நண்டும். கடைசியில் கிடங்கில், அது இன்று திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. கடல், காடு, வயல் என்று நிலம் மாற மாற இலையில் விழுவதும் மாறுகிறது பாருங்கள். மதிய உணவு எங்கே என்று குழுவில் மூன்று நாளாகச் சண்டை போடுகிறீர்கள். மரக்காணத்தில் மீன் சாப்பாடு, தீர்ந்தது. சைவக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வாருங்கள், அதற்கும் புலவர் ஆதரவு இருக்கிறது.

மரக்காணத்துக்கு முன்னால் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தது, நாணயச் சாலை இருந்த துறைமுகம். 1750இல் டூப்ளேக்குக் கிடைத்தது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அதே 1760 ஜனவரி 22இல்தான் நமக்குப் பக்கத்து வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. வந்தவாசியில் விழுந்த அடியின் மிச்சம் இந்தக் கடலோரச் செங்கல் சுவரில் தெரிகிறது என்று நினைத்துப் பாருங்கள். சுவர் ஆட்டம் கண்டிருக்கும், பேரப்பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

புதுச்சேரி வரை போகலாம் என்று சிலர் கேட்டீர்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நேரம் இருந்தால் அரிக்கமேடு மட்டும். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியரோடு நடந்த வாணிபத்துக்குச் சான்று காட்டிய இடம். இன்று போனால் ஆற்றங்கரையும் மரங்களும்தான்.

புதுச்சேரி என்றதும் எனக்கு நினைவு வருவது லெ ஜந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல் நடுக்கடலில் இருந்தபடி தவறவிட்டார். அடுத்த வாய்ப்பு 1769. எட்டு வருஷம் இந்தியப் பெருங்கடல் பக்கமே சுற்றிக் காத்திருந்து, புதுச்சேரியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடியது. ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து அறிவியல் கழக இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மேகம் குறைந்த வானம் என்று வைணு பாப்பு நம் காவலூரைத் தேடிப்பிடித்தது அதற்கு இருநூறு வருஷம் கழித்து. பாவம், இந்த மனிதர் கொஞ்சம் மேற்கே மலையேறியிருக்கலாம்.

திரும்பும் வழி திண்டிவனம், செஞ்சி, சேத்துப்பட்டு, போளூர். வழியில் கழுவேலி ஈரநிலத்தில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. செஞ்சிக்கோட்டையை வண்டியில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம், என் முழங்கால் அதற்கு மேல் ஒத்துழைக்காது.

வாடகையும் டீசலும் சாப்பாடும் தங்கலும் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் போடுகிறேன். ஒருத்தி மட்டும் காசு தரவேண்டாம். பேரனைக் கூட்டிக்கொண்டு வா அம்மா. உன் பங்கு 1988இலேயே வந்துவிட்டது, 12 ரூபாய், புளி விற்ற காசு. அன்று கட்டியிருந்த துணி முடிச்சோடு இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

மற்றவர்கள் அடையாள அட்டை, தொப்பி, மாத்திரை, மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பாட்டிலில் பீமன் அருவித் தண்ணீர் யாராவது பிடித்து வாருங்கள், வயலூரில் வேண்டியிருக்கும். ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையம், காலை 4 மணி. 4.10க்கு வண்டி கிளம்பிவிடும்.