மகாவிசுவாசம்

மகாவிசுவாசம் என்பது ஸ்ரீவைஷ்ணவ சமயத்தில் சரணாகதி அல்லது பிரபத்தி எனப்படும் நெறிக்கு உயிர்நிலையாக எண்ணப்படும் மனநிலையாகும். தன் வாழ்வில் நிகழ்பவற்றின் காரணம் விளங்காதபோதும், எதிர்பார்த்தவை பொய்த்து எதிர்பாராதவை வந்து சூழ்ந்தபோதும், எம்பெருமானாகிய திருமால் காத்தே தீருவான் என்று ஐயமறத் துணிந்திருத்தல் இதன் இலக்கணம். இத்துணிவுக்கு ஆதாரம் நம்புகிறவனுடைய மனவலிமையன்று, நம்பப்படுகிறவனுடைய திருக்குணங்களே என்பது பூர்வாசாரியர்களின் முடிந்த கருத்து. உறுதி குலைந்த காலத்தில் தன் உறுதியையே தேடித் துழாவுகிறவன் மேலும் தளர்ச்சியே அடைவானாதலின், அவன் பார்வையைத் தன்னிடத்தினின்றும் திருப்பி எம்பெருமானுடைய சுபாவத்தில் நிறுத்துவதே இந்நெறியின் நோக்கம்.

இக்கொள்கை சாஸ்திர வடிவம் பெறுவதற்கு முன்பே ஆழ்வார்களின் பாசுரங்களில் அனுபவமாக வெளிப்பட்டிருந்தது. குலசேகராழ்வார் அருளிய 105 பாசுரங்கள் கொண்ட பெருமாள் திருமொழியில் 5ஆம் திருமொழி, இன்று கேரள நாட்டிலுள்ள வித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கிப் பாடப்பட்டது. சினந்து தள்ளிய தாயையே நினைந்து அழும் குழந்தை, கத்தியால் அறுத்தும் நெருப்பால் சுட்டும் சிகிச்சை செய்கிற வைத்தியனிடத்து அன்பு மாறாத நோயாளன், நடுக்கடலில் நாற்புறமும் பறந்து கரைகாணாமல் மரக்கலத்தின் கூம்புக்கே மீண்டு வரும் பறவை என்று ஒன்றன்பின் ஒன்றாக அங்கே உவமைகள் வருகின்றன. துன்பம் வேறெங்கிருந்தோ வந்தது, இறைவன் அதனை நீக்குகிறான் என்று மட்டும் சொல்வது எளிது. தன்னைத் தள்ளுபவனாகவும் அறுப்பவனாகவும் காணப்படுகிறவன் அவ்விறைவனே என்ற நிலையில் நின்றுகொண்டு, அவன் கையையன்றி வேறு கையைப் பற்றமாட்டேன் என்று சொல்வதே அரிது. ஆழ்வார் அந்த அரிய நிலையையே தேர்ந்துகொண்டார். அறுக்கின்ற கத்தியை மட்டும் காண்பவனுக்கு வைத்தியன் கொடியவன். அவனுடைய இயல்பை அறிந்தவனுக்கோ அக்கத்தியும் அவன் அன்பின் கருவி.

நம்மாழ்வாருடைய திருவாய்மொழியில் இதனினும் ஆழ்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 6ஆம் பத்தின் 10ஆம் திருவாய்மொழியில், திருமகளாகிய பெரிய பிராட்டியாரை முன்னிட்டுக்கொண்டு, வேறு புகலில்லாமையை வெளியிட்டு, திருவேங்கடமுடையான் திருவடிகளில் ஆழ்வார் சரணம் புகுகிறார். சரணாகதிக்கு இதைவிடப் பூரணமான வாக்கு வேறில்லை என்று உரையாசிரியர்கள் போற்றுவர். அத்துடன் கலக்கம் தீர்ந்து, அடுத்த பதிகம் ஆனந்தப் பாடலாக அமைந்திருக்கும் என்றே கற்பவர் எதிர்பார்ப்பர். ஆனால் 7ஆம் பத்தின் முதல் திருவாய்மொழியோ, ஐம்புலன்களாகிய பகைவர் கையில் என்னைக் காட்டிக்கொடுத்து வருத்துகிறாயே என்று எம்பெருமானையே நேர்நின்று முறையிடும் கூக்குரலாக எழுகிறது. சரணம் புகுந்த பின்னரும் கண்ணீர் நிற்கவில்லை. முறையீடு முன்னிலும் உரத்து ஒலிக்கிறது. இதனை விசுவாசக் குறைவு என்று ஒரு வியாக்கியானமும் கொள்ளவில்லை. காப்பவன் என்று துணிந்தவனே, காக்கத் தாமதிப்பது ஏன் என்று கேட்கும் உரிமை பெறுகிறான். நம்பிக்கையற்றவனுக்கு முறையிட ஆளில்லை. வாய்மூடிக் கிடப்பதே பக்தியென்று எண்ணித் தம் துயரைத் தாமே நெரித்துக்கொள்ளும் நல்லவர்கள் இன்றும் பலர் உளராதலின், இந்த இரு பதிகங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் முறையை அவர்கள் சிந்தித்தல் வேண்டும்.

பாஞ்சராத்திர ஆகமங்கள் சரணாகதியை 6 கூறுகளாக வகுக்கின்றன. இறைவனுக்கு உவப்பானதைச் செய்ய உறுதி கொள்ளுதல், உவப்பல்லாததை விடுதல், தன் கையாலாகாமையை உணர்தல், காப்பான் என்னும் விசுவாசம், காத்தருளுக என்று வேண்டுதல், தன்னையே ஒப்புவித்தல் என்பன அவை. விசுவாசம் இவற்றுள் ஒன்றாகவே எண்ணப்படினும், அஃதின்றி ஏனையவை நில்லா. இதற்குப் பெரியோர் காட்டும் திருஷ்டாந்தம் ஸ்ரீமத் ராமாயணத்துச் சுந்தரகாண்டத்தில் உள்ளது: இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்ட அனுமனை, அதன் வலிமையை உணராத அரக்கர்கள் கயிறுகளாலும் நாரினாலும் மேலும் பிணித்த அக்கணமே, அஸ்திரம் தானாகக் கழன்றுவிட்டது. எம்பெருமானைப் பற்றிய பிறகு, இது போதுமோ என்று ஐயுற்று வேறு உபாயங்களையும் சேர்த்துக்கொள்பவன் நிலையும் அதுவே என்பர்.

ஸ்ரீராமானுஜர் (1017–1137 என்பது பரம்பரைக் கணக்கு) ஒரு பங்குனி உத்திர நாளில் திருவரங்கத்தில் பெருமாளும் பிராட்டியும் சேர்த்தியாக எழுந்தருளியிருக்கக் கண்டு விண்ணப்பித்தது சரணாகதி கத்யம். அதனைப் படிப்பவர் முதலில் கவனிக்கத்தக்கது அதன் அமைப்பு. முதலிற் பிராட்டியைச் சரணடைந்து அவள் அனுமதியைப் பெற்றபின், எம்பெருமானிடம் தம் வேண்டுகோளைச் சொல்லுமுன், அவனுடைய சௌசீல்யம், வாத்சல்யம், மார்தவம், ஆர்ஜவம், சௌஹார்தம், காருண்யம், காம்பீரியம், ஔதாரியம் முதலிய குணங்களை நீண்ட தொடராக அடுக்கிச் செல்கிறார் ராமானுஜர். கேட்பது சில சொற்களில் முடிகிறது. யாரிடம் கேட்கிறோம் என்பதைச் சொல்வதற்கே வாக்கு விரிகிறது. பிரார்த்தனையென்பது தேவைகளின் பட்டியல் என்று பழகிப்போன மனத்துக்கு இவ்வமைப்பு ஒரு பெரிய உபதேசம்.

இக்குணங்கள் ஒவ்வொன்றும் எந்த அச்சத்துக்கு மருந்தாகும் என்பதை மிகத் துல்லியமாக வகுத்தவர் பிள்ளைலோகாசாரியர். அவருடைய 18 ரகசிய நூல்களுள் ஒன்றாகிய முமுட்சுப்படியில், துவயம் என்னும் மந்திரத்தை விளக்கும் துவயப் பிரகரணத்தில், தன் குற்றங்களைக் கண்டு நடுங்குபவனுக்கு வாத்சல்யமும், தன் காரியம் நிறைவேறுமோ என்று ஐயுறுபவனுக்கு உடையவனாகிய சுவாமித்துவமும், அத்தகைய பெரியவனை நான் அணுகலாமோ என்று பின்வாங்குபவனுக்குத் தாழ்ந்தவரோடும் புரையறக் கலக்கும் சௌசீல்யமும், கண்ணுக்கு எட்டாதவனை எங்ஙனம் பற்றுவது என்று திகைப்பவனுக்கு எளிமையாகிய சௌலப்யமும் விடையாகக் காட்டப்படுகின்றன. இடையூறுகளை அகற்றித் தன்னையே தருவதற்கு ஞானமும் சக்தியும் அவனுக்கு உண்டு என்பதும் உடன் கூறப்படுகிறது. கலங்கிய மனம் அனைத்துக்கும் ஒரே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவது ஆசாரியர்களின் வழக்கமன்று. எதனால் கலங்கினான் என்று அறிந்து, அதற்கு மாறான குணத்தை எடுத்துக் கொடுத்தனர்.

அவருடைய ஸ்ரீவசனபூஷணம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சரணம் புகுவதற்கு இன்ன இடம், இன்ன காலம், இன்ன முறை, இன்ன தகுதியுடையவர், இன்ன பயன் என்ற நியமம் ஒன்றுமில்லை. பற்றப்படும் பொருள் குணபூர்த்தி உடையதாயிருத்தல் வேண்டும் என்ற நியமம் ஒன்றே உண்டு என்று அந்நூல் நிலைநாட்டுகிறது. திரௌபதி நீராடித் தூயளாகி வந்து சரணம் புகவில்லை என்று அதற்கு எடுத்துக்காட்டும் தருகிறது. அக்குணபூர்த்தி கோயில்களில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சாவதாரத்தில் விளங்குகிறது என்பதும் அவர் கருத்து. இக்கருத்தை அவர் தம் வாழ்நாளின் இறுதியில் எத்தகைய சோதனையில் மெய்ப்பித்தார் என்பது பின்னர்க் கூறப்படும்.

வேதாந்த தேசிகர், 32 அதிகாரங்கள் கொண்ட ரகசியத்திரயசாரத்தில், மகாவிசுவாசத்துக்கு இடையூறான ஐயங்களை ஒளிக்காமல் எடுத்துரைக்கிறார். எல்லாம் அறிந்தவன் என் குற்றங்களையும் அறிவானே, கர்மத்துக்கு ஏற்பப் பலன் அளிப்பவன் எனக்கு எங்ஙனம் இரங்குவான், இவ்வளவு சிறிய செயலுக்கு இவ்வளவு பெரிய பேற்றைத் தருவானோ, விரைந்து தருவானோ, உயர்வு தாழ்வு பாராமல் தருவானோ என்று எழும் அவ்வையங்கள் எக்காலத்து மனிதனுக்கும் உரியவை. பிராட்டியின் பரிந்துரையாகிய புருஷகாரம், உடையவனுக்கும் உடைமைக்கும் உள்ள சம்பந்தம், அவனுடைய குணம், செயல், அச்செயலால் அவன் தானே பெறும் பிரயோஜனம் என்பவற்றைக் கொண்டு அவர் அவற்றை நீக்குகிறார்.

ஸ்ரீவைஷ்ணவத்தின் தென்கலை, வடகலை என்னும் இரு மரபுகளும் இதன் நுட்பங்களில் வேறுபடும். விசுவாசம் சரணாகதியின் அங்கமா, அன்றி எம்பெருமானே உபாயம் என்ற தெளிவின் தோற்றம் மாத்திரமா என்பது ஒன்று. இக்கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாத வேறுபாடு தயை என்னும் குணத்தைப் பற்றியது. பிறர் துயர் கண்டு தானும் துயருறுதலே தயை என்பது தென்கலையார் கொள்கை. பிறர் துயரைப் போக்க விழைதலே தயை என்பது வடகலையார் கொள்கை. ஆனந்தமயமான பரம்பொருளுக்குத் துயரம் பொருந்தாது என்பது பின்னவரின் கவலை; துயரில் பங்கு கொள்ளாத அன்பு அன்பாகுமோ என்பது முன்னவரின் உருக்கம். துன்பத்தில் அமிழ்ந்தவனுக்குத் துணை நிற்பவனும் வேண்டும், மீட்பவனும் வேண்டும். ஆதலின் இவ்விரு மரபினரும் தத்தமக்கு இன்றியமையாத ஒன்றையே காத்து நின்றனர் என்று கொள்வதே தகும்.

சரணடைந்தவனுக்கு ஏன் இன்னும் துன்பம் என்ற வினாவுக்குச் சாஸ்திரம் கூறும் விடை சுருக்கமானது: சேர்ந்து கிடக்கும் சஞ்சித கர்மம் ஒழிகிறது, இவ்வுடலைத் தொடங்கிய பிராரப்தம் உடல் உள்ளளவும் தொடரும். இவ்விடை அறிவை நிறைவிக்கலாம். மனத்தை ஆற்றுவதற்கு முன்னோரின் வாழ்க்கைகளே வேண்டும்.

ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வானது வரலாறு அத்தகையது. சிவனுக்கு மேம்பட்ட தெய்வமில்லை என்று கையொப்பமிடும்படி சோழ மன்னன் கட்டாயப்படுத்த, ராமானுஜருக்குப் பதிலாக அவர் வேடத்தில் சென்ற ஆழ்வான் கண்ணிழந்தார் என்றும், உடன்சென்ற பெரிய நம்பி உயிர்துறந்தார் என்றும், ராமானுஜர் மைசூர் நாட்டு மேலக்கோட்டைக்குச் சென்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அம்மன்னன் யாவன் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமனப்படவில்லை. கண்ணற்ற நிலையில் திருமாலிருஞ்சோலையில் தங்கியிருந்தபோது, அழகருடைய திருமேனி அழகைப் பாடும் சுந்தரபாஹு ஸ்தவத்தை ஆழ்வான் இயற்றினார் என்பது மனத்தை விட்டகலாத செய்தி. பிற்காலத்தில் காஞ்சி வரதராசனிடம் கண் வேண்டுமாறு ஆசாரியர் பணித்தபோது, தமக்குத் தீங்கு நேரக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிட்டவேண்டும் என்றே வேண்டினார் என்பர்.

1323இல் தில்லிப் படை உலுக்கானது தலைமையில் திருவரங்கத்தைத் தாக்கியது. முதியவரான பிள்ளைலோகாசாரியர் உற்சவமூர்த்தியாகிய நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கி மறைவாகப் புறப்பட்டார். வழியில் கள்வர் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடி என்ற இடத்தில், பெருமாளைக் கோயிலுக்குத் திரும்பக் காணாமலே அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். தேசிகரோ சுருதப்பிரகாசிகை என்னும் ஸ்ரீபாஷ்ய வியாக்கியானத்தின் ஏடுகளையும் அதனை இயற்றியவருடைய இரு பிள்ளைகளையும் காத்துக் கன்னட நாட்டுச் சத்தியாகாலத்தை அடைந்தார். அச்சம் நீங்கத் திருவரங்கநாதனை வேண்டும் அபீதிஸ்தவம் அக்காலத்தது என்பது பரம்பரைச் செய்தி.

எல்லாரையும் காப்பவன் என்று வாழ்நாள் முழுதும் உபதேசித்த ஒருவர், அந்த எம்பெருமானையே துணியில் மறைத்துக் காட்டுவழியே காத்துச் செல்ல நேர்ந்தால் அவருடைய விசுவாசம் என்னாகும்? இதற்குரிய விடையை அவரே முன்னர் ஸ்ரீவசனபூஷணத்தில் எழுதியிருந்தார். ஞான நிலையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர். பிரேமம் முதிர்ந்தபோதோ அந்நிலை மாறிப்போகும். கருடன்மேல் காட்சி தந்தவனைக் கண்டு, அவனுக்கு யாரால் என்ன தீங்கு வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரை அதற்குச் சான்றாக அவர் காட்டினார். எம்பெருமானுடைய சக்தியில் ஐயம் பிறந்ததனால் அவ்வச்சம் தோன்றவில்லை. அவனுடைய அழகிலும் எளிமையிலும் ஈடுபட்டதனாலேயே தோன்றியது. எழுதிய கை சுமந்த கையாகவும் ஆன பெருமை லோகாசாரியருக்கு உரியது.

அழகர்கோயில், கோழிக்கோடு, திருக்கணாம்பி, திருமலை முதலிய இடங்களில் எழுந்தருளியிருந்த நம்பெருமாளை, விஜயநகர இளவரசன் கம்பணனின் அதிகாரியாகச் செஞ்சியிலிருந்த கோபணாரியர் 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். அதனைக் குறிக்கும் கல்வெட்டு அக்கோயிலில் உள்ளது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1370இல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மணவாளமாமுனிகள், பின்னர்த் திருவரங்கத்தில் வாழ்ந்து, ஸ்ரீவசனபூஷணத்துக்கும் முமுட்சுப்படிக்கும் உரை வகுத்தார். அவ்வுரைகளின்றி லோகாசாரியரின் சுருங்கிய வாக்கியங்களைப் பொருள் தெளிந்து கற்றல் அரிதாதலின், இக்கொள்கையை மூலநூல்களில் பயில விரும்புவோர் முமுட்சுப்படியின் துவயப் பிரகரணத்தை அவருரையோடு முதலிற் படித்துக்கொள்வது நன்று.