காவிரி நாட்டு லுத்தரன் மரபு

ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லுத்தர் (1483–1546) வகுத்த போதனையைத் தழுவி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் வேரூன்றி, காவிரிப் பாசன நாட்டுத் தமிழ்ச் சபைகளில் இன்றளவும் வழங்கிவரும் கிறிஸ்தவ சம்பிரதாயம். தாராசுரம், கும்பகோணம், மாயூரம் முதலிய சைவ, வைணவ க்ஷேத்திரங்கள் நிறைந்த இந்நாட்டில் லுத்தரன் சபைகள் மிகச் சிறுபான்மையின. ஆதலின் அவற்றின் மரபு ஞானப்பாட்டையும் ஞானோபதேசத்தையும் ஆராதனை முறைமையையுமே பிரதான ஆதாரங்களாகக் கொண்டு நிலைத்து வருகிறது.

தோற்றம்

தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி, ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுச்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கினர். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்ற சீகன்பால்கு, சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழில் பிரசங்கிக்கவும் நூல் இயற்றவும் வல்லவரானார். டேனிய ஆளுநர் ஹாசியுஸின் பகைமையால் நான்கு மாதம் சிறையிருந்தும் அவருடைய முயற்சி தளரவில்லை. லண்டன் நகரத்துக் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரத்தை அனுப்பிற்று. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. காகிதத்துக்காகப் பொறையாற்றில் ஒரு பட்டறையும் ஏற்பட்டது. இவற்றின் பயனாக, இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு 1714–1715இல் தமிழில் வெளிவந்தது. 1718 அக்டோபர் 11இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்கு தமது 36ஆம் வயதில் காலமானார்.

தமிழ் ஊழியர்

தஞ்சை இராச்சியத்துக்குள் ஐரோப்பியப் போதகர் எளிதில் நுழைய இயலாத காலத்தில் சபைகளை உண்டாக்கிக் காத்தவர்கள் தமிழ் உபதேசிமாரே ஆவர். கடலூரிற் பிறந்து 1718இல் சீகன்பால்கினிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, புராட்டஸ்தாந்து சபைகளின் முதல் இந்தியக் குருவானார். 1745இல் இறக்கும்வரை அவர் நாட்டுப்புறச் சபைகளைப் பேணிவந்தார். தஞ்சை மன்னர் சேனையில் வீரராயிருந்த இராஜநாயக்கன், அச்சிட்ட சுவிசேஷங்களை வாசித்துத் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உபதேசியாராகத் தொண்டு புரிந்தார். அவருக்குக் குருப்பட்டம் கிட்டாமற்போனதற்கு அவர் பிறந்த குலமே தடையாயிற்று. இம்மரபின் மீது படிந்த ஆதி மாசு அதுவே.

மூவகைக் கிளைகள்

இம்மரபு மூன்று கிளைகளாகப் பகுத்துரைக்கத்தக்கது. முதலாவது, மேற்கூறிய டேனிய–ஹாலே கிளை. இரண்டாவது, 1750இல் இந்தியா வந்து, திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் 1798இல் மரணமடையும்வரை தஞ்சையிலும் பணியாற்றிய கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸின் கிளை. இரண்டாம் சரபோஜி மன்னருக்கு இளமையில் காவலராகவும் ஆசானாகவும் விளங்கிய அவருடைய நினைவாக, மன்னர் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் அமைத்தார். சுவார்ட்ஸின் மாணாக்கரும் சரபோஜி அவையின் புலவருமான வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள் சபை வேறுபாடின்றி எங்கும் பாடப்படுகின்றன. இக்கிளைச் சபைகள் 1820களில் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தின் வசமாகி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. எனினும் அவற்றின் தோற்றமும் ஆதிப் போதனையும் லுத்தரனவையே.

மூன்றாவது, லைப்சிக் கிளை. டேனியரின் ஆதரவு குன்றிய காலத்தில், லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கோர்டஸ் ஐயர் (போதகர்) 1840ஐ ஒட்டித் தரங்கம்பாடிக்கு வந்து, பழைய சபைகளுக்குப் புத்துயிர் அளித்தார். 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபின் மாயூரம், கும்பகோணம், தஞ்சை முதலிய இடங்களில் இம்மிஷன் நிலைபெற்றது. அதன் தலைவர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த பெரும் புலமையாளர். ஆயினும் சபைக்குள் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அவருடைய கொள்கை, ஒரே திருவிருந்தில் ஒன்றுபட வேண்டிய விசுவாசிகளின் ஐக்கியத்துக்குப் பெருங்குந்தகமாயிற்று.

மரபின் உள்ளடக்கம்

லுத்தரின் சிறிய ஞானோபதேசம் இம்மரபின் உயிர்நாடி. பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றை வினாவிடையாக விளக்கும் இந்நூலைக் கற்றே இளைஞர் திடப்படுத்தல் பெறுகின்றனர். பப்ரிசியஸ் ஐயர் (1711–1791) தமிழாக்கிய ஜெர்மன் ஞானப்பாட்டுகள் அவற்றின் பழைய இராகங்களிலேயே பாடப்படுகின்றன. ஒரு ஐயர் பல கிராமங்களைப் பேணும் குருசேகரத்தில், அவர் வர இயலாத ஞாயிறுகளிலும் உபதேசியாரோ மூத்தவர் ஒருவரோ எழுதிவைத்த ஆராதனை முறைமையைப் படித்து நடத்தக் கூடுமாதலால், சிறு சபை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் வலிமையை இவ்வொழுங்கு நல்குகிறது. பெருஞ்செல்வமோ பெருங்கூட்டமோ இல்லாத சபைக்கு முன்னோர் வைத்துச்சென்ற மெய்யான சொத்து இதுவே.

இன்றைய நிலை

முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட, சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தோன்றியது. தரங்கைப் (தரங்கம்பாடிப்) பேராயர் என்னும் பட்டம் 1921இல் ஏற்பட்டது. 1956இல் இராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார். தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. சீகன்பால்கு வந்திறங்கியதன் முந்நூறாம் ஆண்டு 2006இல் கொண்டாடப்பட்டது. கிராமச் சபைகளின் இளைஞர் நகரங்களுக்குக் குடிபெயர்கின்றனராயினும், ஆராதனைகள் தொடர்ந்து நடைபெறுகின்றன.