அழித்த பதினோரு நிமிடங்கள்

பொறியியல் மூன்றாம் ஆண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினோம். கல்லூரி விழாவில் குறும்படப் போட்டி. மற்றவர்கள் எல்லாம் காதலையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும் எடுப்பார்கள், நாம் சமூகத்துக்கு ஏதாவது சொல்வோம் என்று நினைப்பு. எங்கள் தலைப்பு பறை.

அதற்குக் காரணம் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு. 1990வாக்கில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தின் குழு அது. பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த, பலர் பள்ளியைப் பாதியில் விட்ட இளம்பெண்கள். அவர்கள் தோளில் பறையை மாட்டிக்கொண்டு குதித்து ஆடியதை ஒரு மேடையில் பார்த்துவிட்டு அன்று இரவெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் படத்துக்கு ‘அசல்’ பறை வேண்டும் என்றான் எங்கள் இயக்குநர். மேடையில் ஆடுவது அசல் இல்லையாம். அசல் என்றால் கிராமத்தில், சாவு வீட்டில்.

வேடசந்தூர் பக்கம் ஒரு ஊரில் கேதம் என்று தகவல் கிடைத்தது. இரவல் வாங்கிய ஹேண்டிகேமுடன் போனோம். நீர்மாலை எடுத்து வரும்போது முன்னால் கொட்டு. மொத்தம் பதினோரு நிமிடம் எடுத்தோம். யாரிடமும் கேட்கவில்லை. கொட்டுக்காரர்களில் ஒருவர் கேமரா பக்கம் வரும்போதெல்லாம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டே இருந்தார். கூச்சம் என்று நினைத்து, சுற்றிப் போய் அவர் முகத்தை நெருக்கத்தில் எடுத்தேன். எடுத்தது நான்தான்.

அன்று இரவு ஹாஸ்டலில் போட்டுப் பார்த்தபோது பக்கத்து அறை நண்பனும் வந்து உட்கார்ந்தான். அந்த முகம் வந்ததும் எழுந்துவிட்டான்.

“எங்கப்பாடா அது. அழிச்சிருங்க.”

யாரும் பேசவில்லை. நான்தான் அசட்டுத்தனமாக, “கலைடா இது, பெருமையான விசயம்தானே?” என்றேன்.

“மேடையில அடிக்கிறவங்க வேணும்னு அடிக்கிறாங்க. எங்கப்பா மாட்டேன்னு சொன்னா ஊருக்குள்ள இருக்க முடியாது. ரெண்டும் ஒண்ணா?”

அழித்துவிட்டோம். போட்டிக்கு எதையும் அனுப்பவில்லை.

அவன் கேட்ட கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்க்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு பறை. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் என்ற குடிகளோடு பறையனையும் வைத்துச் சொல்கிறது. அங்கிருந்து, இறந்த மாட்டின் தோலைத் தொடுபவர், சாவுக்கு அடிப்பவர், ஆகவே தீண்டத்தகாதவர் என்ற இடத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சாதிப் பெயர்தான் ஆங்கிலத்தில் ‘பரையா’ ஆகி, உலகெங்கும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லானது. ஒரு வாத்தியத்தின் பெயர் உலக அகராதியில் வசையாக நுழைந்த கதை இது.

கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் இழிவு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் சேர்த்த சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இழுத்துக் கட்டிய தோல். வலது கையில் தடித்த அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால் தோல் இறுகி ஒலி ஏறும். அவ்வளவுதான்.

1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழகத்தில் தலித் இயக்கங்கள் வலுப்பெற்றபோது இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று, இனி அடிக்காதே, இது அடிமை வேலை என்றது. பல ஊர்களில் சாவுக்கு அடிக்க மறுத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். இன்னொரு குரல், பறையை விடாதே, அதை எங்கே, யாருக்காக அடிப்பது என்பதை நீ முடிவு செய் என்றது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு இரண்டாவது வழியில் நின்றவர். நாட்டுப்புற இசையையே தலித் விடுதலையின் மொழியாக்கியவர்.

சக்தி மையத்தையும் இந்த இரண்டாவது வழியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அது இன்னும் ஒரு படி மேலே போனது. பறை ஆண்களின் கருவியாகவே இருந்தது. சாதியால் தள்ளப்பட்டதை, பெண் என்று அதற்குள்ளும் தள்ளப்பட்டவர்கள் கையில் எடுத்தார்கள். குனிந்து நடக்கப் பழகிய உடம்பு பறையை மாட்டிக்கொண்டு குனிந்தே இருக்க முடியாது. அடவு வைக்க முதுகு நிமிர வேண்டும், கண் எதிரே பார்க்க வேண்டும்.

இதைப் படமாக்கியவர் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன். அப்பாவுவின் இசையைப் பற்றி 2014இல் நூல் எழுதியவர். 2011இல் பரமக்குடி அருகே முனைவென்றி கிராமத்துப் பறைக்குழுவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதன் தலைப்பைத் தமிழில் ‘இது ஓர் இசை’ என்று சொல்லலாம். இசையை இசை என்று தலைப்பு வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது! பிறகு திண்டுக்கல் சக்தி மையத்தைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ எடுத்தார்.

அவரும் வெளியாள்தான். எங்களைவிடப் பல ஆயிரம் மைல் தள்ளி இருந்து வந்தவர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் தாள வாத்தியக்காரர். பறைக் கலைஞர்களிடம் உட்கார்ந்து அடி கற்றுக்கொண்டவர். மாணவராக இருந்தால் தப்பாக அடித்து அவர்கள் சிரிப்பதைக் கேட்க வேண்டும், அவர்கள் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். நாங்கள் பெயருக்குத்தான் மாணவர்கள். அந்த ஊருக்குள் போனபோது எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதற்காகக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையில் ஐ.டி. நண்பர்கள் சனி ஞாயிறுகளில் பறை வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கு எல்லாமே மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் கிடைத்த மரியாதை, சாவு வீட்டில் தட்டாமல் வந்து அடித்தே ஆக வேண்டிய ஒருவருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. படம் எடுப்பவர் மேடையோடு நின்றுவிட்டால் பாதி உண்மை. எங்களைப் போல ‘அசல்’ தேடிச் சாவு வீட்டுக்குள் நுழைந்தால், அவரை இன்னொரு முறை கட்டாயப்படுத்துகிறோம்.

போன வருடம் அந்த நண்பனிடம் போனில் பேசும்போது இதை எடுத்தேன். அவன் அப்பா அடிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பறை மட்டும் வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம்.

“ஏன் குடுக்கல?” என்றேன்.

“அவருக்குத்தான் தெரியும்.”

கொஞ்சம் தயங்கி, “இப்ப ஒரு படம் எடுத்தா பேசுவாரா?” என்று கேட்டேன்.

“என்னய ஏன்டா கேக்குற? அப்பவும் நீங்க அவரக் கேக்கல, நானும் அவரக் கேக்காமத்தான் அழிக்கச் சொன்னேன். அவருட்ட கேளு.”

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேட்க வேண்டும். கேமராவை எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை.