36 எழுத்து, ஒரு ரகசியம்: யூயூஐடி பிறந்த கதை

1999 மார்ச் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் பெரிய பெரிய அலுவலகங்களோட மெயில் சர்வர்கள் திணற ஆரம்பிச்சது. தெரிஞ்சவர் கிட்ட இருந்து ஒரு மெயில் வரும், கூடவே ஒரு வேர்டு ஃபைல் இருக்கும். நம்பித் திறந்தா, உங்க அவுட்லுக் முகவரிப் பட்டியல்ல முதல் 50 பேருக்கு அதே மெயில் தானா போயிடும். அதுதான் மெலிசா வைரஸ்.

யார் எழுதினது? எல்லாரும் தேடிக்கிட்டு இருந்தப்போ, ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க புரோகிராமர் அந்த வேர்டு ஃபைலின் உள்ளே பார்த்தார். ஃபைலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாள எண் ஒளிந்திருந்தது. அந்த எண்ணின் கடைசி 12 இலக்கங்கள், ஃபைல் உருவான கணினியில் இருந்த நெட்வொர்க் கார்டின் முகவரி! இணையத்தில் கிடைத்த மற்ற வைரஸ் ஃபைல்களில் இருந்த எண்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இன்னொரு பக்கம், ஏஓஎல் நிறுவனத்தின் பதிவுகள் போலீசை நியூஜெர்சிக்குக் கொண்டுபோனது. ஏப்ரல் 1ஆம் தேதி ஒருவர் கைதானார்.

குற்றவாளி பிடிபட்டது நல்ல விஷயம்தான். ஆனா அந்த எண் வைரஸ் எழுதினவர் ஃபைலில் மட்டுமா இருந்தது? வேர்டு 97இல் காதல் கடிதம் எழுதினவர், முதலாளி மேல மொட்டைக் கடிதம் எழுதினவர் என எல்லார் ஃபைலிலும் இருந்தது. அவங்க யாருக்குமே அது தெரியாது. இத்தனைக்கும் யாரும் உளவு பார்க்கணும்னு அந்த எண்ணைக் கண்டுபிடிக்கலை. பின்னே எதுக்கு வந்தது? அதுக்கு இன்னும் கொஞ்சம் பின்னால போகணும்.

1980களின் தொடக்கம். மாசசூசெட்ஸில் அப்போலோ கம்ப்யூட்டர் என்று ஒரு நிறுவனம். பல கணினிகளை நெட்வொர்க்கில் இணைத்து, ஒரு ஃபைல் எந்த மெஷினில் இருந்தாலும் எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி ஓர் அமைப்பைக் கட்டினார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஃபைலை உருவாக்கி, ரெண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துட்டா?

பேங்க்ல டோக்கன் வாங்குறோம் இல்லையா, ஒரே மெஷின் இருக்கிற வரைக்கும் எண் குழம்பாது. ஆயிரம் கிளை, ஆயிரம் மெஷின், ஒன்றுக்கொன்று பேசிக்கவும் முடியாது, ஆனாலும் ஒரு எண் ரெண்டு தடவை வரக் கூடாதுன்னா என்ன பண்ணுவீங்க? ஒவ்வொரு மெஷினும் டோக்கனில் தன் கிளையின் பெயரையும் அந்த நொடியின் நேரத்தையும் சேர்த்து அச்சடிச்சா போதும். அப்போலோவும் அதைத்தான் செய்தது. அங்கே வேலை பார்த்த பால் லீச்சும் அவருடைய சகாக்களும் 1982இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். அப்போது அது 64 பிட் எண். அப்புறம் அது 128 பிட்டாக வளர்ந்து, யூயூஐடி என்ற பெயரோடு, ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் டிசிஇ என்ற அமைப்புக்குள் போனது.

டிசிஇ வடிவம் சுவாரஸ்யமானது. 60 பிட்டில் நேரம். எந்த நாளில் இருந்து எண்ணினாங்க தெரியுமா? 1582 அக்டோபர் 15. நாம இன்னைக்கும் பயன்படுத்துற கிரிகோரியன் காலண்டர் தொடங்கிய நாள்! அன்றிலிருந்து ஒரு நொடியைக் கோடி துண்டாக்கி எண்ணிக்கிட்டே வருது. 48 பிட்டில் நெட்வொர்க் கார்டின் முகவரி. கடிகாரத்தை யாராவது பின்னால திருப்பி வெச்சா பழைய எண்ணே மறுபடி வந்துடக் கூடாதேன்னு 14 பிட் தனியா. மீதி 6 பிட், இது எந்த வகை எண் என்று சொல்ல.

மைக்ரோசாஃப்ட் இதையே ஜியூஐடி என்ற பெயரில் எடுத்துக்கிச்சு. அங்கிருந்து வேர்டு ஃபைல், அங்கிருந்து மெலிசா. இன்ஜினியர் பார்வையில் கார்டு முகவரி என்பது ரெண்டு மெஷினைப் பிரிச்சுக் காட்டுற எண், அவ்வளவுதான். ஆனா மெஷினுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கான். அதை யாரும் யோசிக்கலை.

சர்ச்சைக்குப் பிறகு வழி மாறியது. விண்டோஸ் 2000 முதல், சி புரோகிராமர்கள் அழைக்கும் யூயூஐடி கிரியேட் ஃபங்ஷன் கார்டு முகவரியைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. பழைய முறைதான் வேணும்னா அதுக்கு வேற ஃபங்ஷனைக் கேட்டு வாங்கணும். லினக்ஸ் பக்கம் தியோடர் சோ எழுதிய லிப்யூயூஐடி, கர்னல் நல்ல ரேண்டம் எண் கொடுத்தால் அதையே முதலில் எடுத்துக்கும். அது கிடைக்காதபோதுதான் நேரமும் கார்டு முகவரியும்.

ரேண்டம்னா, குலுக்கல். 122 பிட்டுக்குக் குலுக்கிப் போடுறது. "ரெண்டு பேருக்கு ஒரே எண் விழுந்துட்டா?"ன்னு பயம் வரும். கணக்கு இதுதான்: நொடிக்கு 100 கோடி எண் வீதம் சுமார் 86 வருஷம் இடைவிடாமல் உருவாக்கினால்தான், ஏதோ இரண்டு எண்கள் ஒத்துப்போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வரும்.

ஆனா இந்தக் கணக்கு நிஜமான குலுக்கலுக்குத்தான் பொருந்தும். சி படிக்க ஆரம்பிக்கிறவங்க ரேண்ட் ஃபங்ஷனை எடுத்து, தற்போதைய நேரத்தை விதையாகக் கொடுத்து, தாங்களே ஒரு யூயூஐடி செஞ்சுப்பாங்க. ரெண்டு சர்வர் ஒரே நொடியில் கிளம்பினா ரெண்டுக்கும் ஒரே விதை, ஒரே வரிசையில் ஒரே எண்கள். பார்க்க 122 பிட் குலுக்கல் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிறது கைக்கடிகாரம். அதனால லைப்ரரி கிட்டயே கேளுங்க.

வாங்கின எண்ணைக் கையாளுவதிலும் சி கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார்தான். யூயூஐடி என்பது 16 பைட் அர்ரே. ரெண்டை ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டா, மெமரியில் அவை இருக்கிற இடத்தைத்தான் ஒப்பிடும், எண்ணை இல்லை. ஸ்ட்ரிங் ஒப்பீடு போட்டா, நடுவில் ஒரு சைபர் பைட் வந்ததும் அங்கேயே நின்னுடும். எழுத்தாக மாற்றினால் கோடுகளோடு 36 எழுத்து, முடிவுக்கு ஒரு சைபர். ஆக 37 பைட் இடம் வேணும். 36 ஒதுக்கினா அந்தக் கடைசி பைட் பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கும். விண்டோஸ் மெமரியில் இருந்து அப்படியே பைட்டுகளைத் தூக்கி லினக்ஸுக்கு அனுப்பினால், முதல் மூன்று பகுதிகள் தலைகீழாகத் தெரியும். பைட் வரிசை அங்கே வேறு.

2005இல் இதெல்லாம் ஆர்எஃப்சி 4122 என்ற பொதுத் தரமாக வந்தது. எழுதிய மூவரில் ஒருவர், நம்ம அப்போலோ பால் லீச். அப்போ அவர் மைக்ரோசாஃப்டில் இருந்தார்.

கதை அதோட முடியலை. முழுக்க ரேண்டம் எண்களை டேட்டாபேஸில் போட்டால், புதுசா வர்றது இண்டெக்ஸில் எங்கெங்கோ போய் விழும். டேபிள் பெருசானா வேகம் குறையும். வரிசை வேணும்னா மறுபடியும் நேரம் வேணும். 2024 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9562, ஏழாம் வகையை அறிமுகப்படுத்தியது. முன்னால் 48 பிட்டில் மில்லிசெகண்ட் நேரம், பின்னால் குலுக்கல். கார்டு முகவரி கிடையாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த எண்ணைப் பார்க்கிற யாருக்கும், அது எந்த நேரத்தில் உருவாச்சுன்னு தெரியும். ஒரு மருத்துவப் பதிவுக்கோ, புகார் மனுவுக்கோ அந்த எண்ணை வெளியே காட்டினால், நேரத்தையும் சேர்த்துத்தான் காட்டுறோம்.

யாரையும் கேட்காமல் தனித்து நிற்கணும்னா ரெண்டே வழி: நான் யார், எப்போன்னு சொல்லணும், இல்லைன்னா குலுக்கலை நம்பணும். அடுத்த முறை ஒரு வரி சி கோடில் யூயூஐடி கேட்கும்போது, அந்த எண் யாரைப் பத்தி என்ன சொல்லப் போகுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.